தற்கால விக்கிரக ஆராதனை (தமிழ்க் கிறித்தவம்)

தற்கால விக்கிரக ஆராதனை என்பது, கடவுளுக்கு மட்டுமே உரிய நம்பிக்கையையும் அன்பையும் அச்சத்தையும் ஒரு கிறித்தவர் தம் அன்றாட வாழ்வில் வேறொன்றுக்குக் கொடுத்துவிடுவதைக் குறிக்கும் இறையியல் தொடராகும். அந்த வேறொன்று பணமாகவோ, சாதியாகவோ, பதவியாகவோ, நாடாகவோ, தலைவராகவோ இருக்கலாம்; சில வேளைகளில் சமயப் பொருளாகவே கூட இருக்கலாம். கல்லாலோ மரத்தாலோ செய்த உருவம் எதுவும் இதற்குத் தேவையில்லை என்பதே இக்கருத்தின் அடிப்படை.

தமிழ்நாட்டில் "எது விக்கிரகம்?" என்ற கேள்வி மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக வாதிக்கப்பட்டு வருகிறது. தாலி, பொட்டு, மலர், சொரூபம் ஆகிய கண்ணுக்குத் தெரியும் பொருள்களே நெடுங்காலம் வாதத்தின் மையமாக இருந்தன. கண்ணுக்குத் தெரியாத சாதியும் பொருளாசையும் திருச்சபைக்கு உள்ளேயே இடம்பிடித்துக்கொண்டன. இவ்வாதத்தின் முக்கியமான ஒரு பகுதி கடலூர் - சிதம்பரம் வட்டாரத்தில் நடந்தது. பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையிலுள்ள காடாம்புலியூரைச் சுற்றிய ஊர்களில் அதன் தடயங்களை இன்றும் காணலாம்.

சொல் வழக்கு

விக்கிரகம் என்னும் வடசொல் தமிழ்நாட்டுச் சமய வழக்கில் கோயிலில் எழுந்தருளியுள்ள திருவுருவத்தைக் குறிக்கும் மதிப்புச் சொல்லாகும். சீர்திருத்தத் திருச்சபையினரின் வழக்கில் அதுவே கண்டனச் சொல்லாயிற்று. கத்தோலிக்கர் தம் ஆலயங்களிலுள்ள இயேசு, மரியாள், புனிதர்கள் ஆகியோரின் உருவங்களைச் சொரூபம் என்பர்; அவற்றை விக்கிரகம் என்று அழைப்பதை ஏற்கமாட்டார்கள். ஆனால் சீர்திருத்தத் திருச்சபைகளில் பரவலாக வழங்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில், பத்துக் கட்டளைகளில் விலக்கப்படும் பொருள்களாகச் சொரூபம், விக்கிரகம் என்ற இரு சொற்களுமே அடுத்தடுத்து வருகின்றன. ஒரு சபையார் கைகூப்பிச் சொல்லும் சொல், மற்றொரு சபையாரின் வேதாகமத்தில் விலக்கப்பட்ட பொருளின் பெயர்! தமிழகக் கிறித்தவருக்குள் இது குறித்து எழும் சச்சரவுகளில் பாதி இந்தச் சொற்சிக்கலால் விளைபவை எனலாம்.

1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "சிலைவழிபாடு" என்ற சொல்லைக் கையாள்கிறது. இது எளிய தமிழ்தான். எனினும் சிலை என்றவுடன் கல்லும் உளியுமே நினைவுக்கு வருவதால், உள்ளத்தில் நிகழும் வழிபாட்டைக் குறிக்க இச்சொல் சற்றுக் குறுகியதாகவே உள்ளது.

விவிலியத்தில்

யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) 20ஆம் அதிகாரத்தில் வேறு தெய்வங்களை வணங்குவதும் உருவங்களைச் செய்து பணிவதும் விலக்கப்படுகின்றன. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இவ்விரண்டையும் ஒரே கட்டளையாக எண்ணுகின்றனர்; ஆங்கிலிக்கன், சீர்திருத்த, கீழை மரபுச் சபைகள் இரண்டாகப் பிரிக்கின்றன. அதே நூலின் 32ஆம் அதிகாரத்தில் வரும் பொன் கன்றுக்குட்டிக் கதை யாவரும் அறிந்தது.

அதைவிடக் கூர்மையான கதை வெண்கலப் பாம்பினுடையது. எண்ணாகமம் 21இல், பாம்புக் கடியால் மாண்டுகொண்டிருந்த மக்களைக் காப்பாற்ற மோசே கடவுளின் கட்டளைப்படியே ஒரு வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்துகிறார். அது கடவுள் செய்யச் சொன்ன பொருள். மக்களைக் காப்பாற்றிய பொருள். பல தலைமுறைகளுக்குப் பின் அதற்கே மக்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார் என்று இரண்டாம் இராசாக்கள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. தீய பொருள்தான் விக்கிரகமாகும் என்பதில்லை, நல்ல பொருளும் ஆகும் என்பதற்கு விவிலியத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

எசேக்கியேல் 14ஆம் அதிகாரத்தில் இசுரவேலின் மூப்பர்கள் தீர்க்கதரிசியின் முன்வந்து பக்தியோடு அமர்கின்றனர். அவர்களுடைய விக்கிரகங்கள் அவர்கள் இதயத்தில் இருப்பதாகக் கூறப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் கொலோசெயருக்கும் எபேசியருக்கும் எழுதிய மடல்களில் பொருளாசையை நேரடியாகவே விக்கிரக ஆராதனை என்கிறார். இயேசுவின் மலைப்பொழிவில் கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருவர் ஒருசேர ஊழியம் செய்ய இயலாது என்று வருகிறது. அங்கே கடவுளுக்கு எதிரே நிறுத்தப்படுவது வேறொரு சமயத்தின் தெய்வம் அன்று, செல்வம் என்பது கவனிக்கத்தக்கது.

மார்ட்டின் லூத்தர் 1529ஆம் ஆண்டின் பெரிய ஞானோபதேசத்தில், மனிதன் எதைப் பற்றிக்கொண்டு எதை நம்பியிருக்கிறானோ அதுவே அவனுடைய கடவுள் என்ற கருத்தை விளக்கினார். பணத்தையே முதல் எடுத்துக்காட்டாகவும் காட்டினார். கல்வின், மனித மனத்தை விக்கிரகங்களை ஓயாமல் உற்பத்தி செய்யும் தொழிற்சாலைக்கு ஒப்பிட்டார். 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதிகாரம், இன்பம், இனம், மூதாதையர், அரசு, பணம் ஆகியவற்றையும் இத்தலைப்பின் கீழ்ச் சேர்க்கிறது. உருவங்களைப் பற்றி வேறுபடும் சபைகள் இதில் மட்டும் ஒன்றுபடுகின்றன.

தமிழகத்தில் தொடக்க கால வாதங்கள்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்களே, சமய அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளுடன் இவற்றை அனுமதித்தார். மரக்கறி உண்டு, காவியுடுத்தி, உயர்சாதியினரிடையே பணியாற்றிய நோபிலியின் முறை பண்பாட்டு மதிப்புக்கு எடுத்துக்காட்டாக இன்று புகழப்படுகிறது. அதே முறை சாதி வேறுபாட்டையும் "சமூக வழக்கம்" என்ற பெயரில் உள்ளே விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையாகும்.

1703இல் பாண்டிச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் 1704இல் பதினாறு கூறுகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறித்தவப் பெண்கள் அணியக்கூடாது என்பது அதில் ஒன்று. நோயுற்ற பறையர் சமூகத்துக் கிறித்தவர்களை அவர்களுடைய வீட்டுக்கே சென்று குருக்கள் பார்க்கவேண்டும் என்பது மற்றொன்று. "மலபார்ச் சடங்குகள்" வழக்கு எனப்படும் இச்சச்சரவு, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணை மடலோடு ஓரளவு முடிவுக்கு வந்தது. அதன் விளைவு எண்ணிப் பார்க்கத் தக்கது. தாலியில் பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது. ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குள் எல்லாக் குருக்களும் நுழைவதற்கு மாறாக, அவர்களுக்கென்று தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாடு ஏற்கப்பட்டது. உருவம் மாற்றப்பட்டது, தீண்டாமை அப்படியே ஒழுங்குபடுத்தப்பட்டது. இச்சடங்குகள் குறித்துக் குருக்கள் எடுக்கவேண்டியிருந்த உறுதிமொழி 1940 வரை நீடித்தது.

இதற்கிடையே 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, வந்த புதிதில் ஊர்ப்புறக் கோயில் ஒன்றின் மண்ணுருவங்களைத் தாமே உடைத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவலர்களே என்று அங்கிருந்த உபாத்தியாயர் ஒருவர் அவருக்கு விளக்கிய செய்தியும் அதில் உண்டு. பின்னர் அவர் தமிழ்ச் சமய நூல்களை ஊன்றிப் படித்து, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு ஒன்றைச் செருமன் மொழியில் எழுதி முடித்தார். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

லூத்தரன் சபையார் கத்தோலிக்கரின் சொரூப வணக்கத்தைக் கண்டித்தனர். வீரமாமுனிவர் 1728இல் வேதவிளக்கம் என்ற நூலில் அதற்கு மறுப்பெழுதினார். விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயத்தில் மரியாள் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் காட்சி தருகிறார். ஒருவர் கண்ணுக்கு இது நற்செய்தி தமிழானதன் அடையாளம். மற்றவர் கண்ணுக்குப் பழைய அம்மனே புதுப்பெயரில் வந்தது. கத்தோலிக்க இறையியல் கடவுளுக்குரிய ஆராதனையையும் புனிதர்களுக்குரிய வணக்கத்தையும் வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாடு இறையியல் நூல்களில் தெளிவாகவே உள்ளது. திருவிழாக் கூட்டத்தில் எவ்வளவு தெளிவாக உணரப்படுகிறது என்பதைக் கத்தோலிக்க மறைக்கல்வியாளர்களே அவ்வப்போது கேட்பதுண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சபையில் மற்றொரு மோதல் எழுந்தது. புதிதாக வந்த மறைப்பணியாளர்கள் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினர், விழாக்களில் மலர்களை விலக்கினர், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தனர், சாதி வேறுபாட்டை விடச் சொன்னார்கள். சுவிசேடக் கவிராயர் வேதநாயக சாத்திரியார் (1774 - 1864) இந்நான்கையும் கொடுமைகள் என்று எதிர்த்து எழுதினார். மலரையும் இசையையும் பொறுத்தவரை சாத்திரியாரின் பக்கமே நியாயம் இருந்தது. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் எல்லாச் சபைகளிலும் ஒலிக்கின்றன. சாதியைப் பொறுத்தவரை நியாயம் மறுபக்கம் இருந்தது. மாலையையும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில் இரு தரப்பாரும் ஒத்திருந்தனர் என்பதுதான் வியப்பு. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினர் உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடவேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். பலர் சபையை விட்டே விலகினர்.

1860களில் கடலூர் - சிதம்பரம் வட்டாரம்

கடலூரில் சீர்திருத்தக் கிறித்தவம் 1737ஆம் ஆண்டிலேயே ஒரு மறைப்பணித் தளத்தைக் கொண்டிருந்தது. ஆயினும் இக்கட்டுரையின் பொருளுக்கு முக்கியமானது 1860களாகும். அந்தப் பத்தாண்டில், மூவர் இவ்வட்டாரத்தில் வழிபாட்டுக்கு உரியது எது என்ற கேள்வியை மூன்று விதமாக எதிர்கொண்டனர்.

முதலாமவர் கார்ல் ஓக்சு. லைப்சிக் மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த இவர், சபைக்குள் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் தம் சங்கத்தின் கொள்கையை ஏற்க மறுத்தார். சங்கத்தின் தலைவராக இருந்த கார்ல் கிரௌல், திருக்குறளைச் செருமன் மொழியில் பெயர்த்த தமிழறிஞர். சாதி பெரிதும் சமூக ஒழுங்கே, அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்காமல் நற்செய்தியின் செயலுக்கே விட்டுவிடவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஓக்சு அவ்வாறு கருதவில்லை. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் சேர்ந்து உண்ணவேண்டும் என்பதே அக்காலச் சாதி எதிர்ப்பு மறைப்பணியாளர் பலரின் உரைகல்லாக இருந்தது. அவர் சங்கத்தைவிட்டுப் பிரிந்து, கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் புதிய தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் டேனிய மறைப்பணிச் சங்கம் அவரோடு இணைந்தது. இப்பணியின் தொடர்ச்சியாக உருவானதே கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லூத்தரன் திருச்சபை.

இரண்டாமவர் இராமலிங்க வள்ளலார் (1823 - 1874). இவர் கிறித்தவர் அல்லர். ஆனால் அதே பத்தாண்டில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத வடலூரில் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கிச் சாதி சமய வேறுபாடின்றி உணவளித்தார். 1872இல் அங்கு நிறுவிய சத்திய ஞான சபையில் உருவம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளியே வழிபடப்படுகிறது. பண்ருட்டிப் பகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர் வள்ளலாரின் மண்ணுருவம் ஒன்றைச் செய்து கொண்டுவந்தபோது, அவர் அதைக் கீழே போட்டு உடைத்தார் என்று அவருடைய வரலாறுகள் கூறும். இன்று அவர் படம் எங்கும் மாட்டப்பட்டிருப்பதும் உண்மையே. விக்கிரகத்தை மறுத்தவரே விக்கிரகமாவது எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமை இல்லை.

மூன்றாமவர் ஆறுமுக நாவலர் (1822 - 1879). யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலோடு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரம் என்ற நூலில், சைவத்தை விக்கிரக ஆராதனை என்று பழிப்போருக்கு அவர்களுடைய வேதாகமத்தைக் கொண்டே விடை கூறினார். எருசலேம் ஆலயத்தின் பலிபீடம், தூபம், விளக்கு, அப்பம், தூய்மை விதிகள் ஆகியவை சைவக் கோயில் வழிபாட்டை ஒத்தவையே என்பது அவர் வாதம். கிறித்தவர்கள் இதற்கு எளிதில் விடை கூற இயலவில்லை. பிறர் வழிபாட்டில் உள்ள உருவத்தைச் சுட்டுவது எளிது, தன் வழிபாட்டில் உள்ளதைக் காண்பது அரிது என்ற சிக்கலை நாவலர் அம்பலமாக்கினார். வள்ளலாருக்கும் நாவலருக்கும் இடையே நடந்த அருட்பா - மருட்பா வழக்கு 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது தனிக் கதை.

சாதி

ஓக்சு எழுப்பிய கேள்வி முடிந்துவிடவில்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்துக்குள் இரு சாதியாரைப் பிரித்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. பல ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன, சிலவற்றில் இன்றும் பிரிந்துள்ளன.

இவ்வட்டாரத்துக்கு அண்மையில் நடந்த துயரம் எறையூருடையது. அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள இவ்வூர், புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பழைய பங்கு. அங்கு வன்னியக் கிறித்தவருக்கும் தலித் கிறித்தவருக்கும் இடையே இறுதி ஊர்வலம், ஆலயப் பாதை, கல்லறை ஆகியவை குறித்து நெடுநாள் பிணக்கு இருந்தது. தலித் மக்கள் 1999இல் சகாய மாதாவுக்குத் தனி ஆலயம் கட்டிக்கொண்டு அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினர். 2008 மார்ச் 9 அன்று மூண்ட வன்முறையில் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பாரும் ஒரே மறையினர். ஒரே மாதாவிடம் செபமாலை சொல்பவர்கள்.

இந்நிகழ்வுகளை வெறும் சமூகச் சிக்கல் என்று வகைப்படுத்தலாம். இறையியலாளர் பலர் இதை முதற்கட்டளையின் மீறலாகவே காண்கின்றனர். ஏனெனில், திருமுழுக்கும் நற்கருணையும் கொடுத்த உறவைவிடப் பிறப்பு கொடுத்த உறவு மேலானது என்று ஒருவர் நடந்துகொள்ளும்போது, எது அவருக்குக் கடவுள் என்பது தெரிந்துவிடுகிறது. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. ஆவணங்களுக்குக் குறைவில்லை. கிறித்தவத் திருமண விளம்பரங்களில் பிரிவும் உட்பிரிவும் இன்றும் அச்சாகின்றன.

பணம்

பவுல் பெயர் சொல்லியே விக்கிரகம் என்று அழைத்தது பொருளாசையை. திருத்தந்தை பிரான்சிசு 2013ஆம் ஆண்டின் திருத்தூது ஊக்கவுரையில், பழைய பொன் கன்றுக்குட்டி பண வழிபாடாக மீண்டும் வந்துள்ளது என்ற பொருள்பட எழுதினார்.

தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் வரதட்சணை. ஆலயத்தில் ஓலை வாசித்து, பாடல் பாடி, ஆசீர்வாதம் பெற்று நடக்கும் திருமணத்துக்கு முன், பவுன் கணக்கும் ரொக்கக் கணக்கும் பேசி முடிக்கப்பட்டிருக்கும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும். தாலியில் எந்த உருவம் இருக்கலாம் என்று இருநூறு ஆண்டுகள் வாதிட்ட திருச்சபை, அந்தத் தாலி ஏறுவதற்கு எத்தனை பவுன் என்ற பேச்சை அந்த அளவுக்கு வாதிக்கவில்லை.

1980களுக்குப் பின் பரவிய செழிப்பு உபதேசம் இச்சிக்கலைப் பீடத்துக்கே கொண்டுவந்தது. காணிக்கையை "விதை"யாகக் கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்பது இதன் சாரம். இதை மறுப்போர், இங்கே கடவுள் செல்வம் பெறுவதற்கான கருவியாகிவிடுகிறார் என்கின்றனர். வணங்கப்படுவது உண்மையில் செல்வமே. நேர் எதிர்த் திசையில், 1920களில் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிசன் போன்ற சபைகளின் மக்கள் நகை அணிவதில்லை. பொன்னைத் துறந்த எளிமை மதிக்கத்தக்கது. எனினும் நகை போடாத கழுத்தும் பெருமைக்கு இடமாகலாம் என்பதை அச்சபைகளின் போதகர்களே எச்சரிப்பதுண்டு.

சமயப் பொருள்களே விக்கிரகமாதல்

வெண்கலப் பாம்பின் கதை அதிகம் பொருந்துவது இங்குதான். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டைகளை எடுப்பது தமிழ்ச் சபைகள் பலவற்றின் வழக்கம். வசனத்தை ஆண்டு முழுவதும் நினைவில் கொள்ள இது உதவுகிறது. அதே அட்டை, "இந்த ஆண்டு எனக்கு என்ன வரும்" என்று பார்க்கும் கிளிச் சோதிடச் சீட்டாக மாறுவதும் உண்டு; நல்ல வசனம் வரவில்லை என்று வேறொன்று எடுப்பவர்களைக் காணலாம். செபித்த எண்ணெய், செபித்த கைக்குட்டை, தீர்த்தம், தலையணைக்கடியில் வைக்கும் வேதாகமம், வண்டி முன்கண்ணாடியில் ஒட்டிய வசனம் ஆகியவையும் இவ்வாறே. பொருள் ஒன்றுதான், அது நினைவூட்டுகிறதா, காவல் காக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

போதகரும் விக்கிரகமாகலாம். சாலையோரப் பதாகைகளில் இயேசுவின் பெயரைவிட ஊழியரின் முகம் பெரிதாக அச்சிடப்படுவதைத் திருச்சபையினரே கேலி செய்கின்றனர். ஆலயக் கட்டடம், ஆண்டு விழா, சபைத் தேர்தல் ஆகியவற்றையும் இத்துடன் சேர்க்கலாம். ஆலயத்தைக் காப்பதற்கென்று ஆண்டுக்கணக்கில் வழக்காடி, வழக்கின் பொருட்டே வாழும் சபைகள் தமிழகத்தில் உண்டு.

படையல் உணவும் அண்டை அயலாரும்

கிறித்தவர் சிறுபான்மையாக வாழும் ஊர்களில் மிக அடிக்கடி எழும் கேள்வி படையல் உணவு பற்றியது. காடாம்புலியூர் போன்ற ஊரில் பக்கத்து வீட்டார் பொங்கலோ கொழுக்கட்டையோ கொண்டுவந்து தருவர். அருகிலுள்ள நெய்வேலி போன்ற தொழில்நகரில் ஆயுத பூசையன்று பணியிடத்தில் பொரிகடலை வழங்கப்படும். வாங்கலாமா?

முதல் நூற்றாண்டுக் கொரிந்து நகரத்தாரும் இதையே கேட்டனர். பவுல் முதலாம் கொரிந்தியர் மடலில் இதற்கு இரண்டு விளிம்புள்ள விடை தருகிறார். விக்கிரகம் ஒரு பொருட்டே அன்று. சந்தையில் விற்பதையும் அழைத்தவர் வீட்டில் பரிமாறுவதையும் கேள்வி கேட்காமல் உண்ணலாம். ஆனால் கோயில் பந்தியில் வழிபாட்டின் பகுதியாகப் பங்கேற்பது வேறு. மேலும், தான் உண்பது மனவலிமை குறைந்த ஒரு சகோதரரை இடறச் செய்யுமானால் அதைத் தவிர்ப்பதே அன்பு. தமிழகத்தில் இதைப் பலரும் பலவிதமாகக் கடைப்பிடிக்கின்றனர். சிலர் கண்டிப்பாக மறுப்பர். சிலர் அன்பின் பொருட்டு வாங்கிக்கொள்வர். சிலர் வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுப்பர். பவுலின் வாதத்தில் உணவைவிட எதிரே நிற்கும் மனிதரே முதன்மையானவர் என்பதால், அண்டை வீட்டாரை அவமதித்து மறுப்பது அவ்வாதத்தோடு ஒத்துவராது. நல்ல நேரம், இராகு காலம், வாசுத்து ஆகியவற்றைப் பார்ப்பதை எல்லாச் சபைகளும் விலக்குகின்றன. நாட்காட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு காரணம் சொல்லிச் சடங்கு நேரத்தை மாற்றும் குடும்பங்களும் இல்லாமல் இல்லை.

நாடும் தலைவரும்

உரோமைப் பேரரசில் கிறித்தவர் தண்டிக்கப்பட்டதற்குப் பேரரசர் சிலைக்குத் தூபம் காட்ட மறுத்தது ஒரு காரணம். கி.பி. 112ஐ ஒட்டி ஆளுநர் பிளினி எழுதிய மடலில் இச்சோதனை விவரிக்கப்படுகிறது. நாசி ஆட்சியின்போது 1934இல் பார்மெனில் கூடிய செருமன் திருச்சபையினர், கிறிஸ்துவைத் தவிர வேறு தலைமைக்குத் திருச்சபை கீழ்ப்படியாது என்று அறிவித்தனர்.

இந்தியாவில் இக்கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள், நாட்டுப்பண் பாடும்போது எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. பாடுவது தம் நம்பிக்கைக்கு மாறானது என்றனர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அவர்களுக்கு 1986இல் "பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம்" வழக்கில் உச்சநீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பெரும்பாலான கிறித்தவத் திருச்சபைகள் நாட்டுப்பண் பாடுவதில் தவறேதும் காண்பதில்லை. யெகோவாவின் சாட்சிகளைத் தம்மில் ஒருவராகவும் ஏற்பதில்லை. எனினும் மனச்சான்றின் உரிமைக்கு இத்தீர்ப்பு எல்லாருக்கும் பயன்படுகிறது. திரைப்பட நடிகரின் பதாகைக்குப் பாலபிடேகம் செய்யும் நாட்டில், தலைவரைத் தெய்வமாக்கும் பழக்கம் எந்தச் சபையின் இளைஞரையும் தொடாமல் விடவில்லை.

தவிர்க்கும் வழிகள்

இதற்கெனத் திருச்சபைகளில் வழங்கும் பழக்கங்கள் பெரும்பாலும் பழையவை. தவக்காலத்திலும் லெந்து நாட்களிலும் உணவோடு சேர்த்துத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் குறைக்குமாறு இப்போது அறிவுறுத்தப்படுகிறது. விலக்கும்போது எது அதிகம் வலிக்கிறதோ அதுவே கவனிக்கத்தக்கது என்பது இதன் உட்கருத்து. ஓய்வுநாளில் வேலையையும் வணிகத்தையும் நிறுத்துவது, தான் இல்லாவிட்டாலும் உலகம் நடக்கும் என்று ஒப்புக்கொள்ளும் பயிற்சி. கத்தோலிக்கர் இரவு செபத்துக்கு முன் அன்றைய நாளை எண்ணிப் பார்க்கும் மனச்சான்று ஆய்வும், சீர்திருத்தச் சபைகளின் குடும்ப செபமும் இவ்வகையினவே.

கொடுத்தல் மற்றொரு வழி. உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் சேர்த்து, ஞாயிறன்று ஆலயத்தில் படைக்கும் பிடியரிசிக் காணிக்கை தமிழ்ச் சபைகளின் பெண்கள் வளர்த்த வழக்கம். அதில் பன்மடங்காகத் திரும்பும் என்ற கணக்கு இல்லை. அடுத்த வேளையும் அடுப்பு எரியும் என்ற நம்பிக்கை மட்டுமே உண்டு. வரதட்சணை வாங்குவதில்லை, கொடுப்பதில்லை என்று உறுதி எடுக்கும் இளைஞர்களும் உள்ளனர்.

சாதியைப் பொறுத்தவரை, 19ஆம் நூற்றாண்டில் கையாளப்பட்ட சேர்ந்துண்ணலைவிட வலுவான வழி இதுவரை கண்டறியப்படவில்லை. 1847இல் மதுரையின் அமெரிக்க மறைப்பணிச் சங்கம் தன் ஊழியர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் அமரவேண்டும் என்று விதித்தபோது பலர் மறுத்துப் பணியிழந்தனர். திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் ஆண்டுதோறும் நடக்கும் அசனம் என்னும் பொது விருந்தில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். நற்கருணையின் ஒரே கிண்ணமும் இதே பொருளுடையதுதான். பந்தி கலைந்து வீடு திரும்பியபின் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் அந்த வரிசை நீள்வது இன்றும் அரிதாகவே உள்ளது.